மீட்பறைக்கு இடம் இல்லை

பழைய கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க்கில் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு பகுதி ஒன்று ஏராளமானோருக்குத் தலைவலியாகிப் போனது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அதற்கு வைத்தியம் கிடைக்கும். வைத்தியத்தில் ஆபத்தும் உண்டு.

2024 ஜனவரி 9. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மாதாந்திரத் திருத்தங்களை உலகுக்கு அனுப்பிவைக்கும் நாள். குளிர்காலத்தில் அவை வெளியாகும்போது இந்தியாவில் மணி இரவு பதினொன்றரை. எனவே புதன்கிழமை காலை கடையைத் திறந்து, கம்ப்யூட்டருக்கும் சாமி படத்துக்கும் ஒன்றாக ஊதுபத்தி காட்டிவிட்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதலில் விஷயம் தெரிந்தது. கேபி5034441 என்ற எண் கொண்ட திருத்தம் ஒன்று இறங்கியது, தன்னைப் பொருத்திக்கொள்ள முயன்றது, பாதியில் தோற்றது. திரையில் மிஞ்சியது ஓர் எண்: 0எக்ஸ்80070643. மறுபடி முயன்றால் மறுபடியும் அதே எண். மறுநாளும் அதே.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களில் உலகம் முழுவதும் இது நடந்தது. அந்த எண்ணுக்குப் பொருள் 'பொருத்துவது தோல்வி' என்பது மட்டுமே. தோல்வி என்பதுதான் கண்ணுக்கே தெரிகிறதே, ஏன் தோல்வி? அதற்குப் பதில் இல்லை. வேறு பல கோளாறுகளுக்கும் இதே எண் வருவது வழக்கம் என்பதால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள். டாட் நெட்டை எடுத்துவிட்டு மீண்டும் போட்டார்கள். பொறுமை இழந்தவர்கள் ஹார்ட் டிஸ்க்கையே துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். பிறகு மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது: காட்டியிருக்க வேண்டிய செய்தி 'இடம் போதவில்லை' என்பது, பிழை எண்ணைக் கையாளும் இடத்தில் நேர்ந்த இன்னொரு பிழையால் வேறு எண் காட்டப்பட்டுவிட்டது.

பிழையைச் சொல்வதிலேயே பிழை. சரி, எங்கே இடம் போதவில்லை? 'சி' டிரைவில் 300 ஜிகாபைட் காலியாக வைத்திருந்தவர்களுக்கும் இடம் போதவில்லை. தேவைப்பட்டதோ வெறும் 250 மெகாபைட். ஒரு கல்யாண ஆல்பத்தின் புகைப்படங்களே அதைவிட அதிக இடம் பிடிக்கும். ஆனால் அந்த 250 மெகாபைட் தேவைப்பட்ட இடம் 'மை கம்ப்யூட்டர்' ஜன்னலில் தெரியாது. அதற்கு 'சி', 'டி' என்று எழுத்து கிடையாது. பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன் பெயர் ரெக்கவரி பார்ட்டிஷன். மீட்புப் பகுதி.

கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டு எழ மறுக்கும்போது நீலத் திரை ஒன்று தோன்றி 'என்ன செய்யட்டும்?' என்று சில கட்டங்களைக் காட்டும் அல்லவா? அந்தத் திரை விண்டோஸின் பகுதி அல்ல. விண்டோஸ் செத்தாலும் தான் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே தனியாக வைக்கப்பட்ட குட்டி விண்டோஸ் அது. விண்டோஸ் ரெக்கவரி என்விரான்மென்ட் என்பது முழுப் பெயர். தொழிலில் இருப்பவர்கள் 'வின்ஆர்ஈ' என்கிறார்கள். விஸ்டா காலத்தில் அறிமுகமானது. வீட்டுச் சாவி தொலைந்தால் எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கும் இரண்டாவது சாவி போன்றது.

அந்தச் சாவியே திருடனுக்கும் உதவும் என்று தெரிந்ததுதான் 2024 ஜனவரித் திருத்தத்துக்குக் காரணம். பிட்லாக்கர் என்ற வசதியால் பூட்டப்பட்ட டிஸ்க்கை, கம்ப்யூட்டரைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இந்த மீட்பு வழியாகப் புகுந்து படித்துவிடக் கூடும். சிவிஇ-2024-20666 என்று பட்டியலிடப்பட்ட ஓட்டை இது. அதை அடைக்க, குட்டி விண்டோஸையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க, அது குடியிருக்கும் அறையில் 250 மெகாபைட் காலி இடம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் அறையின் மொத்த அளவே 450 அல்லது 500 மெகாபைட். அதில் பெரும்பகுதியைக் குட்டி விண்டோஸே அடைத்துக்கொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிழைச் செய்தியைப் பார்த்துப் பதறிய வீட்டு டெஸ்க்டாப்காரர்களில் பெரும்பாலோர் பிட்லாக்கரைப் பயன்படுத்தவே இல்லை. பூட்டே இல்லாத வீட்டுக்கு மாற்றுச் சாவியால் என்ன ஆபத்து? மீட்புப் பகுதியே இல்லாத கம்ப்யூட்டருக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, வரும் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஆனால் தினமும் சிவப்பு எழுத்தில் தோல்வி என்று காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? தானாகவே சரிசெய்யும் வழி வரும் என்று காத்திருந்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: வராது. மீட்புப் பகுதியைக் கையால்தான் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

கையால் செய்வது என்றால் பெங்களூரில் ஒரே முகவரிதான். டவுன் ஹாலுக்குக் கொஞ்ச தூரத்தில், நகர்த்தபேட்டையை ஒட்டிய சதர் பத்ரப்பா ரோடு. முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஆட்டோக்காரரிடம் எஸ்.பி. ரோடு என்றால் போதும். கம்பியும் பிளக்கும் சர்க்யூட் போர்டும் குவிந்து கிடக்கும் இந்தத் தெருவில் புது கம்ப்யூட்டர் வாங்கலாம், பழையதை விற்கலாம், எந்தக் காலத்து மதர்போர்டுக்கும் பொருத்தமான ரேம் தேடிப் பிடிக்கலாம். லாவெல் ரோட்டில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் இந்தத் தெருவுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். 2005-இல் தொடங்கிய அந்தக் கூடத்தில் நாளைய கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்கிறார்கள். எஸ்.பி. ரோட்டில் நேற்றைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிறார்கள். நகரத்துக்கு இரண்டும் தேவை.

பழைய டெஸ்க்டாப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் கஞ்சர்கள் அல்ல. சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தரும் டிடிபி கடைகளை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொழில் வளர்ந்தது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001-இல். அதோடு யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று தரம் வகுத்தது. ஆனால் ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலை அதற்குப் பின்பும் நெடுநாள் நீடித்தது. ஒரு கம்ப்யூட்டரில் 'திருமணம்' என்று தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத இன்னொன்றில் காக்காய் கால் குருவிக் கால் எழுத்தாகத் தெரியும். பழைய கோப்பைத் திறக்கப் பழைய சாஃப்ட்வேர் வேண்டும். சில சாஃப்ட்வேருக்கு அந்தக் காலத்து டாங்கிள் பூட்டு வேண்டும். டாங்கிளைச் செருக அந்தக் காலத்து பிரின்டர் போர்ட் வேண்டும். ஆக, பத்து வருடத்துக்கு முந்திய டெஸ்க்டாப் என்பது அந்தக் கடைக்கு வெறும் இயந்திரம் அல்ல. கடையின் பரண், பீரோ, கல்லாப்பெட்டி எல்லாம் அதுதான்.

இப்படிப்பட்ட ஒன்றின் டிஸ்க்கில் கத்தி வைக்கிறோம் என்ற நினைப்பு இருந்தால்தான் வேலை சரியாக நடக்கும்.

பிரச்னை எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள டிஸ்க்கின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மல்லேஸ்வரம், சாம்ராஜ்பேட்டைக்காரர்களுக்கு 'வடார' என்றால் தெரியும். ஒரே காம்பவுண்டில், பொதுச் சுவரோடு, வரிசையாகக் கட்டப்பட்ட சின்ன வீடுகள். சென்னையின் ஒண்டுக்குடித்தனத்துக்கு அண்ணன் முறை. ஹார்ட் டிஸ்க்கும் ஒரு வடாரதான். வரிசையில் பெரிய போர்ஷன் 'சி'. சின்ன அறைகள் முன்னாலோ பின்னாலோ. ஒரு போர்ஷனை நீட்ட வேண்டும் என்றால் அதற்கு நேர் அடுத்தாற்போல் காலி மனை இருக்க வேண்டும். நாலு வீடு தள்ளி இருக்கும் காலி மனையால் பிரயோசனம் இல்லை.

விண்டோஸ் தன் கையாலேயே 'சி' டிரைவைச் சுருக்கும். ஆனால் பின்பக்கத்தை மட்டும்தான் விட்டுக்கொடுக்கும். கொல்லைப்புறத்தைத் தருமே தவிர திண்ணையைத் தராது. மீட்பறை 'சி'க்குப் பின்னால் இருந்தால் வேலை சுலபம். இதிலும் ஒரு விதி விளையாட்டு. 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பிலிருந்துதான் புதிதாக ஏற்றும்போது மீட்பறை 'சி'க்குப் பின்னால் அமைகிறது. அதற்கு முந்தியவற்றில் அது வரிசையின் தலையில், 'சி'க்கு முன்னால். கொல்லைப்புறத்தில் எத்தனை இடம் விட்டாலும் வாசல் பக்கத்து அறை நீளாது. மைக்ரோசாஃப்ட் 2024-இல் கொடுத்த தானியங்கி ஸ்கிரிப்ட்டும் மீட்பறை பின்னால் இருந்தால்தான் வேலை செய்யும். மிகப் பழைய கம்ப்யூட்டர்கள்தான் மிக அதிகமாகச் சிக்கிக்கொண்டன.

விண்டோஸ் 7-இல் ஒதுக்கப்பட்ட தனி அறை 100 மெகாபைட். அதில் கொள்ளாததால் மீட்புக் கோப்பு 'சி'யிலேயே மறைவாகக் கிடந்தது. விண்டோஸ் 8-இல் 350. பிறகு 450, 500. ஒவ்வொரு தடவையும் அப்போதைய தேவைக்கு அளந்து வெட்டிய சட்டை. வளரும் பிள்ளைக்கு ஓரத்தில் துணி மடித்து விடவில்லை. விண்டோஸ் 10-இன் பெரிய பதிப்பு மாற்றங்கள் வந்தபோது இடம் போதாவிட்டால் 'சி'யைச் சுருக்கிப் புது அறையைத் தாமே கட்டிக்கொண்டன. பழைய அறையை இடிக்கவில்லை. அதனால்தான் சில கம்ப்யூட்டர்களில் இரண்டு மூன்று மீட்பறைகள் தெரியும். அவற்றில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். பெரிய மாற்றத்தின்போது தானே செய்துகொண்ட வேலையை மாதாந்திரத் திருத்தம் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு, கோடிக்கணக்கான டிஸ்க்குகளில் சத்தமில்லாமல் வெட்டி ஒட்டுவதில் உள்ள அபாயம் காரணமாக இருக்கலாம். அந்த அபாயம் இப்போது டிடிபி கடைக்காரர் தலையில்.

கையால் செய்யும் முறை இதுதான். முதல் வேலை, டேட்டாவை வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகும் சர்வீஸ்காரரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, 'ரீஏஜென்ட்சி' என்ற கட்டளையிடம் 'இன்ஃபோ' கேட்க வேண்டும். மீட்பு வசதி விழித்திருக்கிறதா, எந்த டிஸ்க்கின் எத்தனையாவது அறையில் என்று அது சொல்லும். அந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதிக்கொள்வது மூடநம்பிக்கை அல்ல. பத்து நிமிடம் கழித்து, எந்த அறையை இடிப்பது என்று முடிவு செய்வது அந்தக் காகிதம்தான்.

பிறகு அதே கட்டளைக்கு 'டிசேபிள்' சொன்னால் மீட்பு வசதி தூங்கும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. அப்போதுதான் மீட்பறையில் இருக்கும் 'வின்ஆர்ஈ.விம்' என்ற கோப்பு 'சி' டிரைவின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டருக்குத் திரும்பி வருகிறது. குடித்தனக்காரர் வெளியே வந்த பிறகு வீட்டை இடிப்பதற்கும் உள்ளே இருக்கும்போதே இடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். அவசரக்காரர்கள் பலர் இடறுவது இங்கேதான். ஏற்கெனவே கோளாறான கம்ப்யூட்டரில் 'டிசேபிள்' செய்தும் கோப்பு வந்து சேராமல் போவதுண்டு. அது அங்கே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்காமல் அறையை அழித்தால், விண்டோஸ் நிறுவல் வட்டைத் தேடிப் பிடித்து அதிலிருந்து அந்த ஒரு கோப்பை உருவி எடுக்கும் வேலை வந்து சேரும்.

அடுத்தது டிஸ்க்பார்ட். மவுஸுக்கு வேலை இல்லாத, 'நிச்சயமா?' என்று கேட்கும் பழக்கமும் இல்லாத கருவி. அதில் 'சி'யைத் தேர்ந்தெடுத்து 250 மெகாபைட் சுருக்கச் சொல்ல வேண்டும். செய்வதுதான் செய்கிறோம், 500 என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவைக்கும் ஆகும். பிறகு பழைய மீட்பறையைத் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும். சாதாரணமாக அழிக்க விடாது. 'ஓவர்ரைட்' என்ற சொல்லைச் சேர்த்தால் விடும். அந்தச் சொல்லின் பொருள், 'எனக்குத் தெரியும், நீ பேசாமல் செய்'. எண் ஒன்று மாறி, மீட்பறைக்குப் பதில் பல வருட டிசைன்கள் இருக்கும் 'டி' டிரைவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது பேசாமல் செய்துவிடும்.

காலியான இடத்தில் புது அறை கட்டி, 'இது மீட்பறை' என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரை இரண்டு வகை. புதிய ஜிபிடி அமைப்பில் நீளமான ஓர் அடையாள எண்ணும், 'யாரும் தொடாதே' என்னும் ஒரு குறியும். பழைய எம்பிஆர் அமைப்பில் வெறும் 27 என்ற எண். பழைய டெஸ்க்டாப்களில் எம்பிஆர்தான் அதிகம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வடாரில் நாலு வீட்டுக்கு மேல் கட்ட முடியாது. சிஸ்டம் அறை, 'சி', 'டி', கம்பெனி கொடுத்த ரெக்கவரி என்று நாலும் நிரம்பிய கம்ப்யூட்டரில் ஐந்தாவதாக ஓர் அறை கட்ட எத்தனித்தால் வழியில்லை. ஏதாவது ஒன்றை இடித்தாக வேண்டும். கடைசியாக, அறையை என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மாட் செய்து, டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, 'ரீஏஜென்ட்சி'க்கு 'எனேபிள்' சொன்னால் குடித்தனக்காரர் புது வீட்டுக்குப் போவார். மறுபடி 'இன்ஃபோ' கேட்டுப் பால் காய்ச்சியாயிற்றா என்று தெரிந்துகொள்ளலாம்.

மீட்பறை முன்னால் இருந்தால்? இரண்டு வழிகள். ஒன்று, அதை அப்படியே விட்டுவிட்டு 'சி'க்குப் பின்னால் புதிதாக ஒன்று கட்டுவது. முன்னால் 500 மெகாபைட் வீணாகக் கிடக்கும், கிடக்கட்டும். இன்னொன்று, ஜிபார்ட்டட் போன்ற கருவியால் 'சி'யின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளுவது. இதற்கு 'சி'யில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் எடுத்து நகர்த்தி வைக்க வேண்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். நடுவில் பெஸ்காம் கரண்டை நிறுத்தினால் 'சி' பாதி அங்கே, பாதி இங்கே. யுபிஎஸ் இல்லாத கடையில் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது 500 மெகாபைட்டுக்காகச் சொத்தை எழுதி வைப்பது போல.

எஸ்.எஸ்.டி. மாற்றும்போது வருவது நேர் எதிரான தொல்லை. பழைய 120 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை அப்படியே 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுத்தால் கம்ப்யூட்டர் வேகம் பிடிக்கிறது, ஆனால் 'சி' பழைய அளவிலேயே நிற்கிறது. காலி இடம் எல்லாம் கடைசியில். நடுவில் மீட்பறை குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதையும் இதே முறையில் தூங்க வைத்து, இடித்து, 'சி'யை நீட்டி, கடைசியில் ஒரு ஜிகாபைட்டுக்குப் புது அறை கட்டினால் இரண்டு பிரச்னையும் ஒரே நாளில் தீரும். பழைய டெஸ்க்டாப்புக்குச் செலவு செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

இதுவரை சொன்னது மைக்ரோசாஃப்டின் மீட்பறை. இன்னொரு மீட்பறை உண்டு. அதைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளே வைத்தன. ஒரு காலத்தில் சிடி கொடுத்தார்கள். பிறகு சிடி செலவை மிச்சம் பிடிக்க, டிஸ்க்கிலேயே பத்து ஜிகாபைட்டுக்கு மேல் ஒதுக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அந்த நிலையை அதில் அடைத்து வைத்தார்கள். எச்பி கம்ப்யூட்டரில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் அது விழிக்கும். 2010 வாக்கில் விண்டோஸ் 7-உடன் வாங்கி, 2015 ஜூலைக்கும் 2016 ஜூலைக்கும் இடையே இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறிய கம்ப்யூட்டர்களில் இந்தப் பகுதி மாறவே இல்லை. அதற்கு உள்ளே இன்னும் 2010-தான்.

மைக்ரோசாஃப்டின் அறை பழசானால் ஒரு திருத்தம் ஏறாது, அவ்வளவே. இது பழசானால் கதை வேறு. ஏதோ கோளாறு என்று யாரோ சொன்னதைக் கேட்டு எஃப்11-ஐ அழுத்தி, 'ஆம், ஆம்' என்று தட்டிக்கொண்டே போனால், அது சொன்னபடி 'மீட்டு'விடும். 'சி'யைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 7-ஐ ஏற்றும். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கணக்கு, எழுத்துருக்கள், புகைப்படங்கள் எல்லாம் போகும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதுகூடப் பரவாயில்லை, 2019-இல் திருத்தங்களைக் கையொப்பமிடும் முறை ஷா-2-க்கு மாறியது. அதைப் புரிந்துகொள்ளும் சக்தி 2010-இன் விண்டோஸ் 7-க்குக் கிடையாது. எனவே மீட்கப்பட்ட கம்ப்யூட்டரால் அதற்குப் பிந்திய பழைய திருத்தங்களைக்கூட நேராகப் பெற முடியாது. மீட்பு என்ற சொல்லைத் தமிழாக்குபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது: இழந்ததைத் திரும்பப் பெறுவதும் மீட்புதான், இருப்பதை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோவதும் மீட்பு என்றே திரையில் வருகிறது. ஒரே பொத்தான், ஒரே சொல்.

இப்படிப்பட்ட பகுதியை என்ன செய்வது? அந்த டெஸ்க்டாப் இனி விண்டோஸ் 7-க்குப் போகவே போகாது என்றால், ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ பிரதி எடுத்துவிட்டுப் பகுதியை அழித்து அந்த இடத்தை 'சி'க்கோ 'டி'க்கோ கொடுத்துவிடலாம். எம்பிஆரின் நாலு வீட்டுக் கணக்கில் ஒரு வீடும் காலியாகும். டாங்கிள் வைத்த பழைய தமிழ் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் 7-தான் வேண்டும் என்றால், இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அந்தக் கம்ப்யூட்டரை அந்த ஒரு வேலைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது அந்தப் பகுதி தங்கம்.

மீட்பறையைப் பற்றிக் கவலைப்படுவது அதிகப்படி என்று நினைத்தவர்களுக்கு 2024 ஜூலை 19 பதில் சொன்னது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேரில் வந்த ஒரு தவறான கோப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. பெங்களூர் விமான நிலையமும் தப்பவில்லை. அன்று இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களை எழுப்பச் செய்த வேலை என்ன? மீட்புத் திரைக்குள் போய், அல்லது சேஃப் மோடில் ஏறி, ஒரே ஒரு கோப்பை அழிப்பது. மீட்பறை நன்றாக இருந்தவர்களுக்கு அது சில நிமிட வேலை.

மைக்ரோசாஃப்டுக்கும் பாடம் முழுசாக ஏறவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாதாந்திரத் திருத்தம் சில விண்டோஸ் பதிப்புகளில் 'ரீசெட்' வசதியையும் மீட்பையும் கெடுத்தது. ஒரு வாரத்தில் அவசரத் திருத்தம் விட்டார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதித் திருத்தத்துக்குப் பிறகு விண்டோஸ் 11-இன் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. கதவு திறக்கிறது, உள்ளே கை நீட்ட முடியவில்லை. அக்டோபர் 20-ஆம் தேதி சரிசெய்யும் வரை, டச் ஸ்கிரீன் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், பிஎஸ்/2 போர்ட் இருந்தால் அந்தக் கீபோர்டைச் செருகலாம் என்று யோசனை சொன்னது மைக்ரோசாஃப்ட். ஊதா நிறத்திலும் பச்சை நிறத்திலும் வட்டமான துளைகள் கொண்ட அந்த பிஎஸ்/2 போர்ட், எஸ்.பி. ரோட்டுப் பழைய டெஸ்க்டாப்களின் முதுகில் இருக்கும். புத்தம் புது லேப்டாப்களில் இருக்காது.

அதே 2025 அக்டோபர் 14-தான் விண்டோஸ் 10-க்கும் கடைசி நாள். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்தது: 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பிரதி எடுத்தால் இலவசம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும் வேண்டும். டிடிபி கடை டெஸ்க்டாப்பில் இரண்டும் இருக்காது. இப்படி 24 கோடி கம்ப்யூட்டர்கள் கழிவாகக் கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணித்தது. கழிவைச் சரியாகக் கையாளும் இடங்கள் உண்டு. நாட்டின் முதல் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனமான இ-பரிசரா 2005 முதல் பெங்களூருக்கு வெளியே, தும்கூர் சாலையில் டாபஸ்பேட்டையில் இயங்கிவந்திருக்கிறது. ஆனால் ஓடக்கூடிய கம்ப்யூட்டரைக் கழிவாக்குவதைவிட லினக்ஸ் போட்டு ஓட்டுவது மேல். தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த ஆண்டில்தான் வந்தது. பேஜ்மேக்கர்காரருக்கு மட்டும் இந்த யோசனை உதவாது.

அவருக்கு உதவக் கூடியது வேறு. மீட்பறையைச் சரிசெய்து முடித்த கையோடு, ஒரு 16 ஜிபி பென் டிரைவில் ரெக்கவரி டிரைவ் ஒன்று செய்துகொள்வது. டிஸ்க்கே போய்விட்டால் டிஸ்க்குக்குள் இருக்கும் மீட்பறையும் சேர்ந்து போகும்; இது போகாது. விண்டோஸிலேயே அதற்கான வசதி இருக்கிறது. செய்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, அந்தப் பென் டிரைவிலிருந்தே ஒரு தடவை கிளப்பிப் பார்க்க வேண்டும். திரை நீலமாகி, எந்தக் கீபோர்டு என்று கேட்டால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மேற்கொண்டு எதையும் தட்டாமல் அணைத்துவிட்டு, தேதியையும் எந்தக் கம்ப்யூட்டர் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி, பென் டிரைவோடு உறையில் போட்டு, வாடகை ரசீது வைக்கும் டிராயரில் வைத்துவிடலாம்.